ஊசி ஏறாத கோட்டு

வேலூர்,
18-4-1932

சர்வேசுரன் கிருபையால் ஆம்பூரில் சுகமாக இருக்கும் மைத்துனன் ஆரோக்கியசாமிக்கு, உன் அக்காள் புருஷன் ஞானப்பிரகாசம் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சௌக்கியம், என்னைத் தவிர.

வாசல் வேப்பமரத்தில் தேன்கூடு கட்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டிலிருந்து நம் பிலோமினாளைப் பெண் பார்க்க வருகிறார்கள், என்ன செய்யலாம் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்டேன். கேட்டது என் புத்தி. "மாமா, எங்க தோல் ஷாப்ல தச்ச ஆட்டுத்தோல் கோட்டு இது, ஊசி கூட ஏறாது. போட்டுகினு ஏணியில ஏறுங்க, தேனீ இன்னா பண்ணிடும்?" என்றாய். சனிக்கிழமை முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஏறினேன். புகை போட்டுக் கூட்டை அறுத்துத் தள்ளினேன். அதுகள் கோட்டின் மேல் விழுந்து விழுந்து கொட்டின. ஒன்றும் உள்ளே ஏறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். "பாத்தியாடி உன் தம்பி மூளையை" என்று உன் அக்காளிடம் உன்னைப் புகழ்ந்தும் பேசினேன். அந்தப் புகழ்ச்சியை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கூடு போன தேனீக்கள் கிளையில் கொத்தாகத் தொங்கின. தொலையட்டும் என்று விட்டேன். மறுநாள், மண்டை பிளக்கிற சித்திரை வெயிலில், சம்பந்தி வீட்டார் எதிரே கௌரவமாக இருக்கட்டுமென்று அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் மக்கன் பேடா மிட்டாய்த் தட்டை நீட்டுகிறார், நான் கையை நீட்டுகிறேன், 'உய்ங்' என்று ஒரு சத்தம். வந்த ஒன்பது பேரில் ஒருவரையும் தொடவில்லையடா! என்னை மட்டும், மேலுதட்டில் இரண்டு, கீழுதட்டில் ஒன்று, கன்னத்தில் நாலு. கிள்ளிக் கிள்ளிப் பிடுங்கினேன். எரிச்சல் ஜாஸ்தியானதே தவிர கம்மியாகவில்லை. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் இஷ்தியாக் அகமது ஓடி வந்து கோட்டைக் கழற்றி வீசினார். "இன்னா சார், கிள்ளலாமா? கொடுக்கோட விஷப்பையும் சேர்ந்து நிக்குது, அழுத்தினா மிச்ச விஷமும் உள்ள பூடும். தோல் சுரண்டற மாதிரி நகத்தால வழிக்கணும். நேத்து கொட்டின கொடுக்கெல்லாம் இந்தக் கோட்லயே கீது, அந்த வாசனைக்குத்தான் மத்ததுங்க தேடி வந்துகீது" என்றார். அதாவது, தேனீக்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற கோட்டை என் தலையில் கட்டியிருக்கிறாய்!

உதடு இரண்டும் பணியாரமாக வீங்கி, ஒரு சொல் வெளியே வரவில்லை. பிலோமினாளுக்கு இருபத்திரண்டு நடக்கிறது. முன்பு வந்த இரண்டு சம்பந்தமும் நான் கேட்ட நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்ல வக்கில்லாமல் எழுந்து போனவை. இவர்களுக்குப் பதினோரு கேள்வி தயாராக வைத்திருந்தேன். ஒன்றையாவது கேட்க முடிந்ததா, பாவி! நான் மூலையில் உட்கார்ந்திருக்க, எல்லாம் உன் அக்காளே பேசினாள். "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். இதுவும் போச்சு. பெண் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் உதட்டுக்குச் சுண்ணாம்பு தடவுகிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனி நீ என் வாசற்படி மிதிக்க வேண்டாம். கோட்டை ரயில் பார்சலில் அனுப்புகிறேன். பிரிக்கும்போது முகத்தை நன்றாக அதன்மேல் வைத்துப் பார்.

உன் பிள்ளைகளுக்கு மாத்திரம் என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

ஞானப்பிரகாசம்

பின்குறிப்பு: தபாலில் போடப் போகையில் ஆற்காட்டிலிருந்து ஆள் வந்தான். சம்பந்தம் முடிந்தது! "பொண்ணோட அப்பா தங்கமான மனுஷரு, எதுக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலியே" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் சொன்னாராம். வைகாசியில் கல்யாணம், பத்து நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்து சேர். கோட்டு பார்சலில் வராது. உன் அக்காள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். கல்யாணத்தன்று காலையில் நான் அதைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டுமாம்.