பெரியப்பாவின் கடைசி வீடியோ கோல்

விலை குறைந்த போன் என்றால் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்யும். எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்து வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு அளவுக்கு மீறி இருப்பதாக ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களும் அப்படித்தான் நம்பினார்கள். (நான் ஓயாமல் சொன்னதால் வந்த நம்பிக்கை அது.)

அட்டனில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், கடையில் ஆள் இல்லாத நேரங்களிலும், போன்களின் நல்லது கெட்டதைப் பிரித்து மேயும் வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். லயத்து வரிசை வீடுகளில் யார் போன் வாங்கினாலும் முதலில் என்னிடம் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த புஷ்பா என் பெரியப்பாவின் ஒரே மகள். லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு பழைய பட்டன் போன். அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச ஆசையாக இருக்கிறது, நல்லதாக ஒரு போன் வாங்கிக் கொடுங்கள் என்று புஷ்பா எனக்குப் பணம் அனுப்பினாள். நானோ அதை ஒரு கல்யாணப் பேச்சு போல நடத்தினேன். ஒன்றில் கேமரா நன்றாக இருந்தது, பேட்டரி நிற்கவில்லை. இன்னொன்றில் பேட்டரி நின்றது, சத்தம் போதவில்லை. பெரியப்பாவுக்குக் காது மந்தம். இப்படியே வாரங்கள் போயின. கடைசியில் புஷ்பா பொறுமை இழந்து, "அண்ணே, ஏதாச்சும் ஒண்ண வாங்கிக் குடுங்க. எனக்கு அப்பா மூஞ்சி தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

நான் வாங்கிய போனில் பேட்டரி ரெண்டு நாள் தாங்கும். சத்தம் பக்கத்து லயம் வரைக்கும் கேட்கும். குறைகள் இரண்டு. ஒன்று, அமுக்கினால் கொஞ்சம் யோசித்துத்தான் வேலை செய்யும். மற்றது, வெயிலில் திரை தெரியாது. இரண்டாவது குறையை நினைத்து நான் சிரித்தேன். டயகமவில் ஏது வெயில்? பாதி வருஷம் மழை, மீதி வருஷம் பனிமூட்டம். எங்கள் ஊருக்கென்றே செய்த போன் என்று பெரியம்மாவிடம் சொல்லிக் கொடுத்தேன்.

பெரியப்பாவுக்கு வீடியோ கோல் பழகவே இல்லை. போன் என்றால் காதில் வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியும். முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார். மகள் பேசத் தொடங்கியதும் கை தானாகக் காதுக்குப் போய்விடும். புஷ்பா பார்த்ததெல்லாம் அவருடைய காதையும் அதில் வளர்ந்திருந்த முடியையும்தான். சிரித்துக்கொண்டே, அப்பா காதுக்குள்ள இருந்து பேசுறேன் என்பாள். நாளடைவில் பழகிவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம்.

பழகுவதற்குள் போய்விட்டார். ஒரு நாள் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வாகனம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

புஷ்பாவால் வர முடியவில்லை. ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டோம் என்று அவள் வேலை செய்த வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அடக்கம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் போனைக் கையில் வைத்திருக்க வீட்டுக்காரம்மா சம்மதித்தாள். "அண்ணே, நீங்கதான் காட்டணும். பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாத்துக்கிறேன்" என்றாள் புஷ்பா. அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தது.

நான் வாங்கிக் கொடுத்த போனையே எடுத்துக்கொண்டேன். காம்பராவுக்குள் சிக்னல் கிடையாது என்பதால் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் தங்கள் போனையும் தூக்கினார்கள். கூட்டம் மறைக்கிறது, இந்த போனில் கேமரா நன்றாக இருக்கிறது, நான் ஒருவனே காட்டுகிறேன் என்று சொல்லி அவற்றையெல்லாம் உள்ளே வைக்க வைத்தேன். (அன்றைக்கு எனக்கு இருந்த அதிகாரம் தோட்டத்துத் துரைக்குக்கூட இருந்திருக்காது.)

கோல் போட்டதும் என் முகம் தெரிந்தது. கேமராவை மறுபக்கம் திருப்பும் பட்டனை அமுக்கினேன். வழக்கம்போல யோசித்தது. அதனால் இன்னொரு தடவை அமுக்கினேன். முதல் அமுக்கலுக்குத் திரும்பி, இரண்டாவது அமுக்கலுக்கு மறுபடியும் என் பக்கமே வந்துவிட்டது என்பது பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் விலகி வெயில் அடித்தது. அப்படி ஒரு வெயிலை டயகமவில் நான் கண்டதே இல்லை. திரை கறுப்புக் கண்ணாடியாகிவிட்டது. எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று எண்ணிக்கொண்டு போனை உயர்த்திப் பிடித்தேன்.

தப்பு மேளத்தின் சத்தம் காதைப் பிளந்தது. போனில் புஷ்பாவின் அலறல் விட்டு விட்டுக் கேட்டது. "திரும்பி... திரும்பி..." என்று என்னவோ சொன்னாள். திரும்பி வாங்க என்று அப்பாவைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குப் பட்டது. அதை என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். நானோ கூட்டத்தைப் பார்த்து, புள்ள திரும்பி வாங்கன்னு கூப்புடுது என்று உரக்கச் சொன்னேன். பெண்கள் எல்லாரும் ஓவென்று அழுதார்கள். பெரியம்மா பெட்டியின் மேல் விழுந்தார். நானும் தாங்கமாட்டாமல் அழுதேன். அழுதுகொண்டே, "பாத்துக்கம்மா, நல்லாப் பாத்துக்க" என்று போனுக்குத் தேறுதல் சொன்னேன்.

பெட்டியை மூடினார்கள். தேயிலை மலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் தூக்கிப் போனார்கள். நான் முன்னால் ஓடிப் போய், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் கால் வழுக்கி, எழுந்து, ஒரு பாறை மேல் ஏறி நின்று காட்டினேன். குழியில் இறக்கியதைக் காட்டினேன். மண் போட்டதைக் காட்டினேன். கை மரத்துப் போனது. பேட்டரி மட்டும் குறையவே இல்லை. அது செத்திருந்தாலாவது அவள் வேறு யாருடைய போனுக்காவது எடுத்திருப்பாள். லைனை வெட்டினால் மறுபடி கிடைக்காதோ என்ற பயத்தில் அவளும் வெட்டவில்லை.

எல்லாம் முடிந்து தப்பும் ஓய்ந்தபிறகு, ஒரு மரத்து நிழலில் ஒதுங்கித் திரையைப் பார்த்தேன். எங்கோ விரல் பட்டுப் படங்கள் இடம் மாறியிருக்க, திரை முழுவதும் என் முகம். முகத்தை அழகாக்கிக் காட்டும் வித்தையும் அந்த போனில் இருந்ததால், நான் பவுடர் பூசி உதட்டுச்சாயம் போட்ட மாப்பிள்ளை போல வெள்ளையாக இருந்தேன். மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் புஷ்பா. அவள் இப்போது அழவில்லை. களைத்துப் போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அப்பாவ எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. பட்டனை அமுக்கினேன். யோசித்துத் திரும்பியது. புது மண்மேட்டைக் காட்டினேன். வீட்டுக்காரம்மா கூப்பிடும் சத்தம் கேட்டது. புஷ்பா போனை வைத்துவிட்டாள். அவள் கத்தியது திருப்புங்க, திருப்புங்க என்றுதான் என்பது தலை முழுகும்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு யார் என்னிடம் போன் பற்றிக் கேட்டாலும் கடையில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். புஷ்பா பெரியம்மாவோடு பேசுவாள். என்னைக் கேட்பதில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்து நானும் ஒதுங்கியே இருந்தேன். பெரியம்மா கோபமெல்லாம் இல்லை என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து புஷ்பா ஊருக்கு வந்தபோது, வாசலிலேயே பையை வைத்துவிட்டு, "வாங்கண்ணே, அப்பாகிட்ட போயிட்டு வருவோம்" என்று என்னைத்தான் அழைத்தாள். மண்மேடு அமிழ்ந்து புல் முளைத்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அன்றைக்கு நான் காட்ட நினைத்ததையெல்லாம் வாயால் சொல்லச் சொன்னாள்.

சொல்லத் தொடங்கினேன். போனை எப்படி உயர்த்திப் பிடித்தேன், கான் ஓரத்தில் எப்படி வழுக்கி விழுந்தேன், எந்தப் பாறையில் ஏறினேன், கை எப்படி மரத்தது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் என் தோளைத் தொட்டாள். "அண்ணே, கேமராவக் கொஞ்சம் அப்பா பக்கம் திருப்புங்க" என்றாள்.

சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே குந்தி உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியப்பாவுக்கு நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டியிருந்ததை, நெற்றியில் வைத்த காசு இரண்டு தடவை வழுக்கியதை, முகம் தூங்குவது போல இருந்ததை, பெரியம்மா அவர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எந்தக் கதையை எடுத்தாலும், கொஞ்சம் நீட்டினால் போதும், யாராவது ஒருவர் கேமராவைத் திருப்பச் சொல்லிவிடுவார்கள். என் மனைவி சொல்கிறாள், மச்சான்மார் சொல்கிறார்கள், பள்ளிக்கூடம் போகும் என் மகளும் சொல்கிறாள். எல்லாரும் சிரிப்பார்கள். பெரியம்மா மட்டும் சிரிப்பதில்லை. கேமரா இப்போது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று பார்ப்பது போல என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குமேல் என் கதை எதற்கு? பெரியப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கிவிடுவேன்.