மஞ்சள், சவர்க்காரம், மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா

"...அவிச்சுத் தின்னுறதோ, காயவைச்சுத் தின்னுறதோ எண்டுதான் கேக்கிறன், பிள்ளை. சொன்னாத்தானே நானும் உலை வைக்கலாம்?"

என் பூப்பாத்தியைக் காட்டி மாமி இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவாவின் கையில் மண்வெட்டி இருந்தது. மண்வெட்டியோடு நிற்கிற மனிசருக்கு ஒருவராலும் சரியான மறுமொழி சொல்ல முடியாது. பேசாமல் நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. (என் வாய் அப்படி. என்னைப் பெற்றவர்களே மாற்ற முடியாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.)

"தின்னுறதுக்கில்லை மாமி. குளிக்கிறதுக்கு."

மாமி என்னைப் பார்த்தா. பிறகு பாத்தியைப் பார்த்தா. நெளுக்குளத்தில் எங்கள் வளவில் கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடிச் சேருகிற நல்ல மண் அந்த ஒரு துண்டுதான். அதில் நான் செவ்வந்தி, துளசி, செவ்வரத்தை, கற்றாழை, மூலையில் மஞ்சள் என்று நட்டிருந்தேன். எல்லாம் சவர்க்காரம் காய்ச்ச. மாமிக்கோ அதில் கச்சான் கடலை போட ஆசை. விதைக் கச்சானைக் கோதோடு ஒரு சாக்கில் கட்டிக் குசினிக் கூரையில் தொங்கவிட்டும் இருந்தா. நான் கறி காய்ச்சும் நேரமெல்லாம் அந்தச் சாக்கு என் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும்.

"கடையில சவர்க்காரம் முடிஞ்சு போச்சோ?"

"அது கடைச் சோப்பு மாமி. இது நான் காய்ச்சிற சோப்பு. சனம் தேடி வந்து வாங்கும்."

"அப்பிடியோ?" மாமி மண்வெட்டியை ஊன்றினா. "அப்ப ஒரு கதை கதைப்பம். தர்சியின்ர கலியாணம் வருது. அதுக்கு வாற சனத்தில ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், எங்கட படலையைத் திறந்து வந்து உன்ர சோப்பைத் தா எண்டு கேக்கட்டும். பாத்தி உனக்கு. மழை துவங்கிறதுக்குள்ள ஒருத்தரும் கேக்காட்டி, கச்சான்."

தர்சி மாமியின் ஒரே மகள், என் கணவரின் தங்கை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். (இந்த விஞ்ஞானத்தை மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம்.)

"சரி மாமி. பொம்பிளை குளிக்கிற சோப்பும் மஞ்சளும் என்ர பொறுப்பு" என்றேன். ஒருவரும் கேட்காத பொறுப்பு.

நான் சவர்க்காரம் காய்ச்சப் படித்தது கைத்தொலைபேசியில். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கலக்குவாள். அவளுக்கு ஒருநாளும் எதுவும் திரளாமல் போனதில்லை. அவள் சொன்ன காஸ்டிக் சோடாவை வாங்க வவுனியாப் பட்டணத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம் அண்ணன், எங்கள் வாயில் நானா. அன்பான மனிசர்.

"எங்க தங்கச்சி அடைச்சிருக்கு? குசினியா, கக்கூஸா?"

"ஒண்டும் அடைக்கேல்லை நானா. முகத்துக்கு."

நானா எடுத்த பையைத் திரும்பவும் தட்டில் வைத்தார். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "முதல்ல இருங்க. வீட்டில என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்றார். அது தேங்காயெண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரமாகிவிடும் என்று விளங்கப்படுத்தி முடிக்க ஒரு பிளேன்டீ ஆறிப்போனது. அப்படியும், நான் படியிறங்கும்போது, "அவசரப்பட்டு ஒண்டும் செய்திராதீங்க" என்றார்.

முதல்தரம் காய்ச்சியதில் செவ்வரத்தையைப் போட்டேன். கோயிலுக்குக் கேட்டபோதும் கொடுக்காமல் வைத்திருந்த சிவப்பு. காரம் பட்டதும் ஊதாவானது, பிறகு பச்சையானது, விடியப் பார்த்தால் சாணி. என் கணவர் ஒரு கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சரும், இதைப் போட்டிட்டுக் குளிக்கிறதோ, குளிச்சிட்டுப் போடுறதோ?"

அடுத்தது மல்லிகை. முழுப் பூவாகப் பதித்தேன். வெள்ளைச் சவர்க்காரத்துக்குள் அது கபில நிறமாகிக் கால் மடக்கிப் படுத்துவிட்டது. "ஐயோ பாவம், கரப்பான்" என்றா மாமி. மூன்றாவதுதான் செவ்வந்தி. இதழ் இதழாகப் பிய்த்துப் போட்டேன். நிறம் மாறவேயில்லை. வெள்ளைக்குள் பொன் பொன்னாக நின்றது. நான் அந்தக் கட்டியோடு வளவைச் சுற்றி ஓடினேன். பக்கத்து வீட்டில் எனக்குப் பரிசுச் சீட்டு விழுந்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

செவ்வந்திச் சவர்க்காரத்தை வெட்டிச் சில கிழமைகள் காயவைக்க வேண்டும். அதற்குள் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிற நாளைப் பார்த்துக் கலியாண நாள் முன்னுக்கு வந்துவிட்டது. காரம் முழுக்க அடங்கவில்லை. (என் முழங்கையில் தேய்த்து, எரிவில்லை என்று பார்த்த பிறகுதான் கொடுத்தேன். நான் அவசரக்காரி, கொலைகாரி இல்லை.)

கலியாணத்தன்று காலை கிணற்றடியில் பாலும் அறுகும் வைத்து, உறவுப் பெண்கள் எல்லோரும் தர்சியின் தலையில் தண்ணீர் வார்த்தார்கள். அதற்குப் பிறகு என் முறை. வழக்கமாகப் பொம்பிளைக்கு மஞ்சள் என்றால் கன்னத்தில் கொஞ்சம், கையில் கொஞ்சம். நான் என் பாத்தியில் கிண்டிய பச்சை மஞ்சளை ஒரு சட்டி நிறைய அரைத்து வைத்திருந்தேன். கழுத்து, கை, கால் என்று சுவருக்குப் பூசுவதுபோலப் பூசினேன்.

"அண்ணி, காணும், போதும்" என்றாள் தர்சி.

"கண்ணை மூடு. இனித்தான் சோப்பு."

நுரை முதலில் செம்மஞ்சளாக வந்தது. பிறகு செங்கல் நிறமானது. பிறகு, கலியாண வீட்டில் சொல்லக்கூடாத நிறம். கழுத்திலிருந்து வழிந்து, மாமி இதற்கென்றே வாங்கிய வெள்ளைத் துவாயில் இறங்கியது. நான் பயந்து இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டேன். (பயந்த மனிசர் தெரிந்ததையே திரும்பவும் செய்வார்கள்.) இன்னும் சிவந்தது.

அந்தத் தண்ணீர் வாய்க்காலால் ஓடி, வாழை மரங்களைத் தாண்டிப் படலையடிக்குப் போய்ச் சேர்ந்த நேரம் பார்த்து, வாசலில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவா மாப்பிள்ளையின் பெரியம்மா. மாங்குளத்து மாப்பிள்ளை வீட்டின் சார்பில், வெற்றிலைத் தட்டத்தோடு புளியங்குளத்திலிருந்து நேரே வந்திருந்தா. அந்த வீட்டில் அவா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. காலடியில் ஓடுகிற தண்ணீரைக் குனிந்து பார்த்தா.

"கடவுளே! கலியாண வீட்டில ஆடு வெட்டிப் போட்டினம்!"

வாய்க்கால் வழியே பார்வையை மெல்ல மேலே கொண்டுவந்தா. கிணற்றுக் கட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு, தலை முதல் கால் வரை சிவந்துபோய்த் தர்சி இருந்தாள்.

"ஆடில்லை!" என்று கத்தினா பெரியம்மா.

குசினிக்குள்ளிருந்து மாமி ஓடிவந்தா. "என்ர பிள்ளையை உரிச்சுப் போட்டாளே! பூ பூ எண்டு திரிஞ்சவள், பிள்ளையை உரிச்சுப் போட்டாளே!" பின்னால் கறிச்சட்டி அகப்பையோடு சனம். ஒருத்தி துவாயைத் தூக்கிக் காட்ட, இன்னொருத்தி அதைப் பார்த்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

பெரியம்மா மட்டும் கத்துவதை நிறுத்தியிருந்தா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்தா. "சகுனம் சரியில்லை. மாங்குளத்துக்கு ஒரு கோல் எடுக்கவேணும்" என்றா. மாமியின் முகம் வெளுத்தது. தாலி கட்டுகிற நாளில் அந்தக் கோல் போனால் என்ன நடக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் என் மூளை வீடு வந்து சேர்ந்தது.

என்னைப் பெற்றவர்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய ஆட்கள். எங்கள் பக்கத்தில் ஆலாத்தி என்றால் தட்டில் மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு துளி சுண்ணாம்பு. பளிச்சென்று சிவந்துவிடும். மாமி பக்கத்தில் வாழைப்பழத் துண்டில் திரி குத்திக் கொளுத்திச் சுற்றுவார்கள், சிவப்புத் தண்ணீரே கிடையாது. நடந்தவுடன் கண்டுபிடித்திருக்க வேண்டியவள் அந்த வளவில் நான் ஒருத்திதான். சின்ன வயதிலிருந்து எத்தனை தட்டுக்கு என் கையாலேயே சுண்ணாம்பு கரைத்திருப்பேன்! சுண்ணாம்பிலும் காரம், சவர்க்காரத்திலும் காரம். குழம்பு பட்ட சேட்டுக்குச் சோப்புப் போட்டால் கறை சிவப்பதையும் கிழமைக்கு ஒருதரம் பார்க்கிறேன். இவ்வளவையும் தெரிந்துகொண்டே தெரியாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

"பெரியம்மா, ஃபோனை வையுங்கோ. தட்டத்தைத் தாங்கோ."

கேட்டேன் என்று சொல்கிறேன். பறித்தேன் என்று மாமி சொல்லுவா. அவா கொண்டுவந்த வெற்றிலைத் தட்டத்திலேயே சுண்ணாம்பு இருந்தது. ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, என் மஞ்சளைக் கரைத்து, அந்தச் சுண்ணாம்பைத் தொட்டுக் கலக்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கச் சிவந்தது.

"பாருங்கோ. இதுதான் எங்கட ஆக்களின்ர ஆலாத்தி. பொம்பிளைக்குக் கண்ணூறு படாமல் நாங்கள் இதைத்தான் சுத்துவம். மற்ற வீட்டில தட்டில காட்டிப்போட்டு வாசலில ஊத்துவினம். நான் ஆளையே ஆலாத்தியாக்கி வைச்சிருக்கிறன். இதைவிட நல்ல சகுனம் இந்த வன்னியில எந்தப் பொம்பிளைக்குக் கிடைச்சிருக்கு, சொல்லுங்கோ!"

(பாதியை அந்த இடத்தில் நின்றுதான் உண்டாக்கினேன். ஆனால் சிவப்பு உண்மை.)

பெரியம்மா தட்டுக்குள் விரலை விட்டா, முகர்ந்தா, தன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தா. பிறகு ஃபோனைக் கைப்பைக்குள் போட்டா.

அப்போதுதான் கிணற்றுக் கட்டிலிருந்து, கண் இன்னும் மூடியபடி, குரல் வந்தது. "அண்ணி! தேசிக்காய்! தேசிக்காய் கொண்டாங்கோ!"

ரீச்சருக்கு நினைவு வந்துவிட்டது. வகுப்பில் மஞ்சள் பூசிய தாளில் சவர்க்காரத் தண்ணீர் விட்டுச் சிவக்கவைத்து, தேசிக்காய்ப் புளி விட்டுத் திரும்பவும் மஞ்சளாக்கிக் காட்டுகிறவள் அவள்தான். தாளில் நடந்தால் உடனே விளங்கும். தன் தோலில் நடந்ததால் கொஞ்சம் பிந்திவிட்டது.

வீட்டில் இருந்த தேசிக்காயெல்லாம் கலியாணக் கார் புறப்படும்போது சில்லுக்கு அடியில் வைத்து நசிக்க எடுத்த தேசிக்காய்தான். எல்லாவற்றையும் வெட்டித் தர்சியின் மேல் பிழிந்தோம். சிவப்புப் போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் போகவில்லை. இன்றைக்கும் கலியாண அல்பத்தைத் திறந்தால், பட்டுச் சேலைக்குள் நன்றாகப் பழுத்த ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்.

"இனிச் சில்லுக்கு என்னத்தை வைக்கிறது?" என்று மாமி அழுதா.

"நாலு சோப்பு வைப்பம்" என்றார் என் கணவர். ஒருவரும் சிரிக்கவில்லை. என் செவ்வந்திப் பூவை வைத்தோம். கார் நன்றாகத்தான் போனது.

இன்றைக்கும் சொல்கிறேன். நான் அரைத்த மஞ்சள் நல்ல மஞ்சள். காய்ச்சிய சவர்க்காரம் நல்ல சவர்க்காரம். இரண்டும் சந்தித்ததற்கு என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணப் பேச்சு எழும்பினாலும், "பொம்பிளையை இந்தமுறை என்ன நிறத்தில எடுப்பம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள். கேட்கட்டும். நான் நிறம் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

கலியாணம் முடிந்து, வானம் கறுக்கத் தொடங்கியது. படலையை ஒருவரும் திறக்கவில்லை. ஒரு காலை, மாமி குசினிக் கூரையிலிருந்து சாக்கை அவிழ்த்தா. மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு பாத்தியடிக்கு வந்தா. நான் செவ்வந்திக்கு முன்னால் போய் நின்றேன். "முதல்ல என்னை வெட்டுங்கோ" என்றேன். (சொன்ன பிறகுதான் அவா செய்யக்கூடியவா என்பது நினைவு வந்தது.)

வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டது. படலையைத் திறந்து பெரியம்மா வந்தா.

"பேத்தி பெரியபிள்ளையாகிட்டாள், சாமத்தியத் தண்ணி வார்க்கவேணும். அந்தச் சிவக்கிற சோப்பும் மஞ்சளும் வேணும். சிவக்காத சோப்பெண்டா எனக்கு வேண்டாம், இப்பவே சொல்லிப்போட்டன்."

"பெரியம்மா, அது எந்தச் சோப்புக்கும்..." என்று நான் தொடங்கினேன்.

மாமி என் காலை மிதித்தா. நன்றாக மிதித்தா.

"எந்தச் சோப்புக்கும் சிவக்காது" என்றா மாமி. "எங்கட பாத்தியில விளைஞ்சதுக்குத்தான் சிவக்கும்."

பெரியம்மா இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு போனா. ஓட்டோச் சத்தம் தேயும்வரை மாமி படலையடியில் நின்றா. பிறகு மண்வெட்டியைக் கிணற்றடியில் சாத்தினா. சாக்கைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே குசினிக்குள் போய், அடுப்பை மூட்டித் தாச்சியில் மணலைச் சூடாக்கி, விதைக் கச்சான் முழுவதையும் கொட்டி வறுக்கத் தொடங்கினா.