வாடகைத் திரையில் என் உரிமை

உரிமை என்ற ஒன்றை ஒருவன் புதிதாகக் கண்டுபிடித்த வாரத்தில், அவன் வீட்டில் கல்யாணம் வைக்கவே கூடாது. என் தங்கை தேன்மொழிக்கு அந்த வாரத்தில்தான் கல்யாணம் நடந்தது.

நான் அப்போது சென்னையில் மென்பொருள் வேலைக்குப் புதிது. உலகத்திலுள்ள எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்கும் தகுதி வந்துவிட்டதாக நினைப்பு. (நினைப்புக்கு யார் வரி போடுவது?)

திண்டிவனத்தில் வரவேற்பு. மேடைக்குப் பின்னால் பெரிய எல்.ஈ.டி. திரையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதில் ஜோடியின் படங்கள் ஓட, முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தேன்மொழியின் பெரிய ஆசை. திரைக்காரர் விக்கிரவாண்டி ஏழுமலை மதியமே மாட்டி ஓட்டிக் காட்டினார். எல்லாம் சரி, உச்சியில் மட்டும் அவர் கடைப் பெயர் ரோஸ் கலரில் ஓடிக்கொண்டே இருந்தது.

“அண்ணே, இத எடுங்க. போட்டோவுல எங்க தங்கச்சி தலைக்கு மேல உங்க கடை பேரு நிக்கும்.”

“அது பொட்டியிலயே வர்றது தம்பி. நான் இன்னா பண்றது? எல்லா கல்யாணத்துலயும் ஓடிக்கினுதான் இருக்குது.”

திரையை ஓட்டும் சின்னப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஓடுவது திறந்த மூல மென்பொருள் என்று, உரிமத்தின் பெயரோடு ஒட்டியிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த உரிமத்தைத்தான் வாரம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டியை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும், பயன்படுத்துகிறவருக்கு மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு, கிடைக்க வேண்டும். அதை மாற்றி அதே பெட்டியில் போட்டுக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். ஏழுமலையை உட்கார வைத்து விளக்கினேன்.

“பொட்டி என்னுதுதானே தம்பி?”

“உங்களுதுதான். உள்ள ஓடுறத மாத்துற உரிமை வாடகைக்கு எடுத்தவங்களுக்கும் உண்டு.”

“அப்போ வாடகை சைக்கிள் எடுத்துக்கினு போறவன் செயினைக் கழட்டிப் பார்ப்பானா?”

“தாராளமா பார்க்கலாம்ணே.”

பாவம், படித்த பிள்ளை சொல்கிறதே என்று விட்டுவிட்டார். தேன்மொழிதான் பாதி மேக்கப்பில் தலையை நீட்டி, “அண்ணா, இன்னிக்கி ஒரு நாள் சும்மா இரேன்” என்றாள். சும்மா இருப்பதாவது? பெட்டி செய்தவர்களின் வலைத்தளத்திலேயே மூல நிரல் கிடைத்தது. கடைப் பெயரை நீக்கி, புதியதை ஏற்றி, ஓட்டியும் பார்த்தேன். அழகாக ஓடியது. (கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.)

மாலையில் ஜோடி மேடையேறியது. ஒன்றிரண்டு படங்கள் ஓடியதும் திரை கருத்தது. திணறிப்போன பெட்டி, தன் உரிமத்தின் கடைசிப் பகுதியை ஆள் உயர ஆங்கில எழுத்தில் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பகுதியை நான் படித்ததில்லை. உரிமைகள் முடிந்த இடத்திலேயே மூடிவைத்திருந்தேன். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா அதை வாசித்து, கூட்டத்துக்குத் தமிழிலும் சொன்னார்.

“எந்த வாரண்டியும் கிடையாதாம். ரிப்பேர் ஆனா செலவு எடுத்துக்கினவங்க தலையிலதானாம்.”

பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தேன். “வாணாம் தம்பி, மேடை லைட்டும் அதே லைன்தான்” என்று ஏழுமலை கையைப் பிடித்துக்கொண்டார். பழைய நிரலைத் திரும்பப் போடலாமென்றால், அதை நான் எடுத்து வைக்கவே இல்லை.

தேன்மொழியின் கண் கலங்கியதைப் பார்த்தேன். பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மாப்பிள்ளை திரும்பித் திரையைப் படித்தார். பிறகு குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். இருவரும் மேடை குலுங்கச் சிரித்தார்கள். போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார்.

அந்தப் படம்தான் இன்றைக்கும் விழுப்புரத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் கதை சொல்லப்படுகிறது. போன வாரம் தேன்மொழி போன் செய்து, வீட்டுக்காரர் குறட்டையில் தூக்கமே இல்லை என்று புலம்பினாள். அண்ணனாயிற்றே, மனசு கேட்கவில்லை.

“நான் வேணா மாப்பிள்ளகிட்ட பேசிப் பார்க்கட்டுமாம்மா?”

“நீ ஒண்ணியும் ரிப்பேர் பண்ண வேணாம்ணா. செலவு என் தலையிலதான்னு அன்னிக்கே ஊரைக் கூட்டிக் காட்டிட்ட இல்ல?”