மாப்பிள்ளை எடுத்த குதிரைப் படமும் அதில் நான் செத்த காட்சியும்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் அத்தைக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். எனக்குக் கடையைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்க வாய் வரவில்லை. நம் தெருச் சங்க ஹாலில் உங்கள் படத்தைப் போட்டபோது, அது முடியுமுன்பே எழுந்து போன நீங்கள், இனிமேல் கேமராவைத் தொடுவதில்லை, மாமாவின் சலவைக் கடையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டீர்களாம். மகள் போனில் அழுதாள். "அப்பா, நீங்களாவது படத்தைப் பத்தி அவருக்கு நாலு வார்த்தை எழுதுங்க. பொய் எழுதாதீங்க, கண்டுபிடிச்சிடுவார். உண்மையும் எழுதாதீங்க, தாங்க மாட்டார்" என்றாள். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. ஆகவே உண்மையையே எழுதுகிறேன்.

முதலில் குறைகள். இத்தாலிக்காரர்கள் கையைக் கடிக்காமல் எடுத்த கௌபாய் படங்களுக்கு ஸ்பகெட்டி வெஸ்டர்ன் என்று பெயர், நானும் அந்த வழியில்தான் எடுக்கப்போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது மகிழ்ந்தவன் நான். சிக்கனம் எனக்குப் பிடிக்கும். அதற்காக ஒரே குதிரையா மாப்பிள்ளை? அதன் ஒரு பக்கம் வெள்ளைத் திட்டு இருக்கிறதே என்று, திட்டு தெரிந்தால் நாயகன் குதிரை, தெரியாவிட்டால் வில்லன் குதிரை என்று வைத்துவிட்டீர்கள். விளைவு, துரத்துகிற காட்சியில் இருவரும் எதிரெதிர்த் திசையில் பறக்கிறார்கள். "பிடிக்கப் போறவன் வீட்டுக்குக் கிளம்பிட்டானா?" என்று என் பக்கத்திலிருந்த பல் டாக்டர் கேட்டார். கல்குவாரியைப் பாலைவனம் என்றீர்கள், சரி என்றேன். அந்தப் பாலைவனத்தில் ஒரு ஜல்லி லாரி மெல்லப் பின்னால் வருகிறதே, அதற்கு என்ன சொல்ல? நாயகனுக்கும் வில்லனுக்கும் நீங்களே குரல் கொடுத்ததில் "உன்னைக் கொல்லாம விடமாட்டேன்", "முடிஞ்சா கொல்லுடா" என்று யாரோ ஒருவர் தனக்குத்தானே சண்டை போடுவதுபோல் இருந்தது. இதற்கெல்லாம் சிகரம் என் பங்கு. வாடிக்கையாளர்கள் துவைக்கப் போட்டுத் திரும்ப வாங்கிப்போகாமல் விட்ட கோட்டுகளை உடுப்புக்குக் கொடுத்தவன் நான். துணி கடைக்குள் வந்ததும் எண் எழுதிய துண்டைக் காலரில் குத்துவோம், உரியவர் கைக்குப் போகும்வரை அதைக் கழற்றக்கூடாது என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. அந்தப் பழக்கதோஷத்தில் துண்டோடேயே அனுப்பிவிட்டேன். வில்லன் முதுகைத் திருப்பும்போதெல்லாம் கழுத்தில் எண் ஆடுகிறது. ஊரை நடுங்கவைக்கும் கொள்ளைக்காரன், துவைத்து மடித்து வாங்கிப்போக ஆள் வராமல் நிற்கிறவன் மாதிரி ஆகிவிட்டான். அதோடு விட்டதா? நாயகன் நெஞ்சில் குண்டு பாய்ந்து சிவப்பு மை வழிந்த நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து "யோவ், அது என் கோட்டுய்யா!" என்று அலறினார். மறுநாள் காலை நான் கடை திறக்குமுன் வாசலில் நின்றார். கறையை நானே அலசிப் பார்த்தேன். படத்திலேயே தரமான பொருள் உங்கள் சிவப்பு மைதான், அசையவில்லை.

இனி நிறை. வெடிக்கிற குண்டு வாங்க வழியில்லாமல், அந்த ஒரு குண்டைத் தவிர சுடவேண்டிய மற்ற இடத்திலெல்லாம் ஆட்களை முறைக்கவிட்டீர்கள். முதல் முறைப்பிலேயே "யாராவது சுட்டுத் தொலைங்கப்பா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நானும் சிரித்தேன். ஆனால் போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு பெரிதாக, அவ்வளவு நேரம், ஒரு மனிதனின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கடைக்கு வருகிறவர்களின் காலரைப் பார்ப்பேன், கறையைப் பார்ப்பேன், முகத்தை எங்கே பார்த்தேன்? வில்லனாக நடித்தவர் நம் தெரு பிளம்பர்தான். எத்தனையோ தடவை நம் வீட்டுக் குழாய்க்கடியில் படுத்திருக்கிறார். அவர் கண்ணில் இத்தனை துக்கம் இருப்பது உங்கள் படத்தில்தான் தெரிந்தது. பணம் கொட்டி எடுப்பவர்கள் முகத்தில் இவ்வளவு நேரம் நிற்பதில்லை, அதற்குள் எதையாவது வெடிக்கவைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் நான் செத்த காட்சி. என்னை மேசைமேல் கிடத்தி, உங்கள் அத்தையை என் பெண்டாட்டியாகவே பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். பிணம் மூச்சு விடுகிறது என்று ஹாலே சிரித்தது. விட்டேன்தான், காட்சியை வெட்டாமல் அவ்வளவு நேரம் எடுத்தால் பிணம் என்னதான் செய்யும்? ஆனால் கண்ணை மூடிக் கிடந்ததால் அன்று அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. திரையில்தான் பார்த்தேன். அவள் அழவில்லை. என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அப்புறம் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை என்று மகள் சொன்னாள். நான் போய்விட்டால் இவளுக்கு எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை மாப்பிள்ளை. சுற்றிலும் எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இருந்தாலும் இது வேறு, வயிற்றுப்பாடு வேறு. யோசித்துப் பார்த்ததில் உங்கள் முடிவுதான் சரி. திங்கட்கிழமையிலிருந்து கடைக்கு வந்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் தொடவேண்டாம், போன தடவை நீங்கள் தேய்த்த கால்சட்டையில் பெட்டியின் முழு உருவமும் பதிந்திருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் சிரித்துப் பேசினால் போதும். சினிமா ஆசை காய்ச்சல் மாதிரி, வந்தது போல் போய்விடும்.

உங்களுக்கும் மகளுக்கும் ஒரு குறையும் வராமல், உடுத்தியது கசங்காமல், மனசும் கசங்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். "மாப்பிள்ளையக் கடைக்கு வரச்சொல்லி எழுதியிருக்கீங்களே, அப்போ அடுத்த படத்த யாரு எடுக்கறது?" என்றாள். "அடுத்த படமே வேணாம்னுதானே எழுதியிருக்கேன்" என்றேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். அப்புறம், "நான் எப்படி இருப்பேன்னு நீங்க பாத்துட்டீங்க. நீங்க எப்படி இருப்பீங்கன்னு நான் பாக்க வேணாமா? அடுத்த படத்துல நான் படுத்துக்கறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆகவே திங்கட்கிழமை வரவேண்டாம். கடையில் இடமில்லை. படத்தை எடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள் மாப்பிள்ளை, அந்தக் காட்சியை மட்டும் சீக்கிரம் வெட்டிவிடுங்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்தால் என்னால் ரொம்ப நேரம் பக்கத்தில் உட்கார முடியாது.