உருகினால் பிழைக்குமா?

பனிக்கட்டியைத் தவிர இவ்வுலகில் எதையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் கோட்டைக்குப்பத்தில் மீனுக்கு ஐஸ் விற்கும் ஐஸ்காரர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அது ரேஷன் அட்டைக்கு மட்டுமே தெரியும். துக்க வீட்டிலும் மாலையைச் சாத்திவிட்டு, கண்ணாடிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இந்தக் குளிரு பத்தாது. மத்தியானத்துக்குள்ள எட்த்துடுங்க" என்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு முறைப்பார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் என் நைனா எனக்குத் துணையாக அனுப்பினார். எனக்கு லூபஸ். உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே என் சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருந்தன. மருந்துகளால் அவற்றைத் தடுக்க முடியவில்லை. சென்னை மருத்துவமனை ஒன்றில் புதிய சிகிச்சை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அஞ்சாத நைனா, மருத்துவமனை என்றதும் ஐஸ்காரர் வீட்டுக்குப் போய் நின்றார். "நீ கூடப் போண்ணா. டாக்டர் சொல்றது என் மண்டையில ஏறாது."

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "சண்டை போடுற செல்லை அடக்கறதுக்குன்னே ரத்தத்துல சில செல் இருக்கு. இவங்களுக்கு அது பத்தல. அதைப் பிரிச்செடுத்து, வெளியூர் லேப்ல பெருக்கி, உறைய வச்சுக் கொண்டு வருவாங்க. இங்க உருக்கித் திரும்ப ஏத்துவோம்."

ஐஸ்காரர் நிமிர்ந்தார். "பஞ்சாயத்துப் பண்ற ஆளுங்க. சர்தான். ஆனா டாக்டரே, ஒரு தபா உருகினா எறாவே கொழகொழன்னு பூடுது. இது சாவாதா?"

"கொஞ்சம் செத்துடும்."

"நெறைய செத்துட்டா?"

மருத்துவர் பேனாவை மூடினார். "ஏத்த முடியாது. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அதுவரை சிறுநீரகம் தாங்குமா என்று நான் கேட்கவில்லை, ஐஸ்காரரும் கேட்கவில்லை. மீஞ்சூர் வரை ரயிலில் இருவரும் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

என் ரத்தத்திலிருந்து எடுத்துப் பெருக்கிய அணுக்கள் உறைந்து வந்து சேர்ந்த அன்று, அவர் தலையில் தெர்மாக்கோல் பெட்டியோடு மருத்துவமனை வாசலில் நின்றார். காவலாளி மறித்தார்.

"இன்னா பெருசு, மீனா?"

"மீனு இல்லப்பா. வெறும் ஐஸு."

"ஆஸ்பத்திரிக்கு ஐஸு எதுக்கு?"

"இவங்க கைல பத்தலன்னா?"

பெட்டியை வாசலிலேயே வைக்கச் சொன்னார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிச்சென்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே, உருக்கிய அணுக்களில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலில் படுத்து, கூரையின் பலகைகளை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வந்தது.

செவிலியர் கதவைத் திறந்தார். "போதுமான அளவு உயிரோட இருக்கு. ஏத்திடலாம்." ஐஸ்காரர் வாசலுக்கு ஓடுவதை நிறுத்திவிட்டு என் கட்டிலருகே வந்து நின்றார்.

சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியதும் என் உடல் உதறியது. இது சகஜம்தான் என்றார் செவிலியர். ஐஸ்காரர் காதில் அது விழவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து என் பாதங்களில் சுற்றிவிட்டு, "குளுருதா பாப்பா? எம்மா, அந்த ஏசிய நிறுத்தும்மா!" என்று கத்தினார்.

சிகிச்சை பலித்ததா என்பது தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகுமாம். அதுவரை பயப்படுவது என் வேலை என்று நினைத்திருந்தேன். நாள்தோறும் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "காலு வீங்கிக்கீதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர், அந்த வேலையில் பாதியை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்.