மெர்சி திறந்துவிட்ட ஃபோல்டர்

"டிராயிங் தெறக்கலன்னா வர்றவங்களுக்கு இன்னாத்த காட்றது? என் மூஞ்சியையா?" என்று மேனேஜர் ரகு கத்தியபோது, மெர்சி சர்வருக்கு முன்னால் கும்பிடாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்யும் அந்தக் கம்பெனியின் கணக்கு அறை மூலையில், நெற்றியில் சந்தனத்தோடு நிற்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், மேனேஜர் அறை என்று எல்லாருடைய ஃபைலும், வால்வு டிராயிங்குகளும் அதன் வயிற்றுக்குள்தான். நேற்று கரன்ட் போய் வந்ததிலிருந்து யாருக்கும் எதுவும் திறக்கவில்லை. இன்றைக்குப் பார்த்து, வால்வு வாங்குகிறவர்கள் சோதனைக்கு வருகிறார்கள்.

மெர்சிக்கு உண்மையில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை. ஒருமுறை மேனேஜர் வீட்டம்மாவின் போனில் தொலைந்த போட்டோக்களை மீட்டுக் கொடுத்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து கம்பெனியில் எந்த ஒயர் தும்மினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

சர்வரை மாட்டிக்கொடுத்த ராபின் போனில் கிடைத்தான். மின்சார ரயிலில் தொங்கியபடி எங்கோ போய்க்கொண்டிருந்தான்.

"அக்கா, ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணு. ஷேரிங்குக்குப் போ. எவ்ரிஒன்னு ஒண்ணு இருக்கும். அத்தப் போட்டு ஃபுல் கன்ட்ரோல் குட்த்துடு."

"எந்த ஃபோல்டருடா?"

"அதான்க்கா, அந்த..."

எண்ணூரில் சிக்னல் இல்லையோ என்னவோ, குரல் அறுந்துவிட்டது.

எந்த ஃபோல்டர் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டியதுதானே? பந்தியில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுக் கேட்டா பரிமாறுகிறோம்? எல்லா ஃபோல்டரும் கிடக்கும் டி டிரைவையே மெர்சி மொத்தமாகத் திறந்துவிட்டாள்.

"வந்துச்சு, வந்துச்சு!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம். மேனேஜர்கூடச் சிரித்தார். மெர்சியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

டி டிரைவில்தான் 'மெர்சி சொந்தம்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள், காட்டுப்பள்ளியில் ஒரு கம்பெனிக்கு அனுப்ப அவள் எழுதி வைத்த வேலை விண்ணப்பம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் சாப்பாட்டு நேரத்தில் இங்கேயே அடித்தது. 'இப்போதைய வேலையை விடக் காரணம்' என்ற இடத்தில், 'எனக்கு மேலே இருப்பவருக்குக் கத்தத்தான் தெரியும், வேலை தெரியாது' என்று மனதாரப் போட்டிருந்தாள்.

வேறு இடத்துக்கு எழுதிப்போட்டது தெரிந்தால் மேனேஜர் யாரையும் வேலையை விட்டு நீக்க மாட்டார். பெயின்ட் ஷெட்டுக்கு மாற்றுவார். அந்த நெடியில் நின்றவர்கள் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். காட்டுப்பள்ளி இன்னும் கைக்கு வரவில்லை. மெர்சி சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவசர அவசரமாக, போட்ட 'எவ்ரிஒன்'னைத் தூக்கினாள்.

"ஐயையோ, மறுபடியும் பூட்ச்சு!" என்று கட்டடமே அலறியது.

"மெர்சீ!" என்று மேனேஜர் அறையிலிருந்து இடி.

சரி என்று மறுபடியும் போட்டாள். போட்டுவிட்டு, புத்திசாலித்தனமாக ஒரு பாஸ்வேர்டும் வைத்தாள். டிராயிங் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் காதோடு சொல்லிவிட்டால் போயிற்று. ஆனால் ஸ்டோர்ஸில் இருக்கும் ஸ்டீவனின் காது லேத் மெஷினுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?

"மெர்சி! இன்னாவோ பாஸ்வேர்டு கேக்குதும்மா!"

"அல்லேலூயாண்ணே!"

"இன்னாது?"

"அல்லேலூயா! எல்லாம் சின்ன எழுத்து!"

"சத்தமா சொல்லு!"

"அல்லேலூயா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மெஷின்களுக்கு நடுவிலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள். இனி அந்த பாஸ்வேர்டு தெரியாத ஆள் கேட்டில் நிற்கும் நாய் மட்டும்தான்.

விண்ணப்பத்தையே அழித்துவிடுவோம் என்று கடைசியாகத் துணிந்தாள். அழி என்றால், முடியாது என்றது சர்வர். ஃபைலை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்களாம்.

யார் என்று சர்வருக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். ஸ்டோர்ஸ். டெஸ்பாட்ச். மேனேஜர்.

மேனேஜரா! முதலில் ஸ்டோர்ஸுக்கு ஓடினாள். அவளைக் கண்டதும் ஸ்டீவன் பட்டென்று ஸ்கிரீனை அணைத்தார்.

"இன்னாண்ணே பாத்துக்கினு இருந்தே?"

"ஸ்டாக்குதாம்மா." கொஞ்சம் தலையைச் சொறிந்தார். "ஆமா, காட்டுப்பள்ளிக்கு இங்கருந்து நேரா பஸ்ஸு கீதா, இல்ல மாறிக்கினு போவணுமா?"

குத்திக்காட்டுகிறார் என்று மெர்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே டெஸ்பாட்சுக்குப் போனாள். அங்கே மோனிகா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னாமா எழுதிக்கீறே! அந்தக் காரணம் கீதே, அத்தப் படிச்சிட்டு நான் அய்துட்டேன்."

"நீயுமா கிண்டல் பண்றே?"

"சத்தியமாக்கா! எனக்கெல்லாம் சாவற வரிக்கும் இப்பிடி வராது."

"ஃபைல மூடித் தொலடி, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"ரெண்டே நிமிசம்க்கா."

இரண்டு நிமிஷம் எதற்கு என்று கேட்க அவள் நிற்கவில்லை. மேனேஜர் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் கொத்திக்கொண்டிருந்தார். சந்தேகமே இல்லை, பெயின்ட் ஷெட்டுக்கு ஆர்டர்தான். காலில் விழுந்தாவது நிறுத்தலாம் என்று கதவைத் தட்டினாள்.

"யாரும் உள்ள வராதீங்க! முக்கியமான வேலையா கீறேன்!"

அதற்குள் வாட்ச்மேன் ஓடி வந்தான். "கெஸ்ட்டுங்க வண்டி உள்ள வந்துடுச்சு!"

மெர்சி அதற்கு மேல் யோசிக்கவில்லை. கணக்கு அறைக்கு ஓடினாள், சர்வரின் பின்பக்கம் கையை விட்டாள், அங்கிருந்த நெட்வொர்க் ஒயரை முருங்கைக்காய் பறிப்பதுபோல ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டாள்.

ஸ்டோர்ஸில் "ஐயோ!" டெஸ்பாட்சில் "அக்கா!" மேனேஜர் அறையில் என்னவென்றே புரியாத ஒரு கதறல்.

மெர்சி ஒயரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேன்டீன் அஞ்சம்மாள் டீத் தட்டோடு உள்ளே வந்தாள்.

"சொல்லிடுக்கா. மேனேஜரு இன்னா சொன்னாரு? பெயின்ட் ஷெட்டா?"

"எந்த ஷெட்டும்மா? வந்தவங்கள கேன்டீன்ல குந்த வெச்சிட்டு, உன்ன அந்த ஒயர சீக்கிரம் சொருவச் சொன்னாரு; காட்டுப்பள்ளி லெட்டர்ல உன் பேர எட்த்துட்டு அவரு பேரப் போட்டாராம், இன்னும் சேவ் பண்ணலயாம்."