கடல் எங்கே போயிடப் போகுது?

"அரை மணி நேரம். நாலு மணிக்கு வண்டியை எடுத்தாகணும்" என்றான் கணவன். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு இறங்கினான். கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி சிக்னல் தேடி மரத்தடிக்குப் போனான்.

"மூணு முப்பது" என்றார் முன் இருக்கையில் இருந்த மாமனார்.

அவர் முப்பத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பேருந்தும் நகர்ந்ததில்லை. ஓய்வு பெற்றதும் கையெழுத்து நின்றது. மணி சொல்வது நிற்கவில்லை.

பின் இருக்கையில் அவள் பல்லைக் கடித்தாள். மூன்று நாள் பயணம். கணவனின் பெரியப்பா வீட்டில் ஒரு முழு நாள். அவன் படித்த விடுதி வாசலில் ஒரு மணி நேரம். அவன் முதல் பைக் வாங்கிய கடை இப்போது இல்லை. இல்லாத கடைக்கு முன்னால் நாற்பது நிமிடம். இன்று இரவு அவன் தங்கை வீட்டில் சாப்பாடு. போகிற வழியில் இருந்த ஒரே பாவத்துக்காக அவள் பிறந்து வளர்ந்த ஊருக்கு அரை மணி.

கல்யாணமான மறு மாதமே அவள் பெற்றோர் இந்த ஊரைக் காலி செய்துவிட்டார்கள். பதினேழு வருடம். அவளுக்கு வீட்டைப் பார்க்க வேண்டாம், தெருவைப் பார்க்க வேண்டாம். தண்ணீரில் ஒரு தடவை காலை நனைக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டபோதெல்லாம் கணவன் ஒரே பதிலைச் சொன்னான். "கடல்தானே, எங்கே போயிடப் போகுது?"

"அம்மா, கடல் எங்கம்மா?" என்றாள் பத்து வயது மகள்.

"தெருமுனையில ஒரு கட்டடம் தெரியுதுல்ல, அதுக்குப் பின்னாடி. செருப்பைக் கழட்டு, ஓடலாம்."

"ஒரு நிமிஷம்மா" என்றார் மாமனார். "பாத்ரூம் போகணும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் போனைக் காதில் வைத்தபடியே, நீயே கூட்டிப்போ என்று கையை ஆட்டினான்.

அவள் இன்ஜினை நிறுத்தினாள். சாவியை உருவி டேஷ்போர்டில் வைத்தாள். மகளை வண்டியிலேயே இருக்கச் சொன்னாள். ஒரு கையில் மாமனாரின் கைத்தடி, மறு கையில் மாமனார். தெருமுனைக் கட்டடமே கழிப்பறைதான். வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கால் கழுவ ஒரு குழாய். பின்சுவருக்கு அந்தப் பக்கம் அலை புரளும் சத்தம் கேட்டது. அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

வெளியே வந்தவர் சொன்னார். "மூணு நாப்பத்தொண்ணு."

"தெரியும் மாமா."

வண்டிக்குத் திரும்பி அவரை உட்காரவைத்து, கைத்தடியைப் பின்னால் போட்டாள்.

"இன்னொரு தடவை போகணும் போல இருக்கு."

"இப்பதானே மாமா போனீங்க!"

"வயசாச்சுல்ல."

இரண்டாம் முறை கழிப்பறை வாசலில் அவர் நின்றார். "நீ போம்மா. நான் மெதுவா வந்துக்கறேன்."

"எங்க போறது? போன வருஷம் குளியலறையில வழுக்கி விழுந்தீங்களே, தூக்கினது யாரு? உங்க பிள்ளையா?"

"அவன் அப்ப போன்ல இருந்தான்."

"இப்பவும் போன்லதான் இருக்காரு. போங்க உள்ளே."

அவள் காவல்காரி மாதிரி வாசலிலேயே நின்றாள். அவர் பெருமூச்சு விட்டபடி உள்ளே போனார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு வண்டிக்குத் திரும்பினார்கள். மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். மாமனார் இருக்கையில் உட்கார்ந்தார், டேஷ்போர்டைப் பிடித்து மறுபடியும் எழுந்தார்.

"மறுபடியுமா?"

"என்ன பண்றதும்மா?"

மூன்றாம் முறை அவள் அவர் முகத்தையே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். கணவனும் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டான். "எங்க சுத்திட்டிருக்கே? நாலு ஆகப் போகுது." பத்தடி தள்ளிப் போய் நின்று போனில் அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். திரும்பிப் பார்த்தபோது மாமனார் உள்ளே போகாமல் ஸ்டூல் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கும் மணி சொல்கிறார் போலிருக்கிறது.

தெருவில் ஹாரன் அலறியது. கணவன். மணி நான்கு.

"ஏறு, ஏறு" என்றான். ஏறிய பிறகு கேட்டான். "சாவி எங்கே?"

"டேஷ்போர்டுல வெச்சேன்."

டேஷ்போர்டில் இல்லை. இருக்கைக்கு அடியில் இல்லை. வண்டிக்கு அடியிலும் இல்லை.

"அப்பா, நீங்க பாத்தீங்களா?"

"நாலு மூணு" என்றார் அவர்.

"இவர்கிட்ட கேட்டேன் பாரு. இன்ஜினை யாரு நிறுத்தச் சொன்னா? ஒரு சாவியைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல!"

அவள் நிமிர்ந்தாள். "யாரைச் சொல்றீங்க? பதினாலு வருஷமா ஆபரேஷன் தியேட்டர்ல கத்திரிக்கோல் எண்ணறவ நான். இதுவரைக்கும் ஒருத்தர் வயித்துலயும் ஒண்ணையும் விட்டதில்ல!"

"அப்ப சாவி பறந்து போச்சா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கோபத்தோடு தெருவைப் பெருக்குவதுபோல் பார்த்துக்கொண்டே கழிப்பறை வரை நடந்தாள்.

"இங்க ஒரு கார் சாவி விழுந்து கிடந்துச்சா?"

ஸ்டூல் பெண் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். காலில் பார்வை நின்றது. "பாக்கலையேக்கா."

இருபது நிமிடத்தில் சாவி செய்கிறவர் ஒரு பெட்டியோடு வந்தார். "சிப் வெச்ச சாவி சார். கம்பெனிக்குப் போனா ரெண்டு நாள். நான் வேணா ஒரு வழி பண்றேன்" என்று ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். ஒரு வயரைத் தொட்டார். ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. இன்னொரு வயரைத் தொட்டார். விளக்குகளும் சேர்ந்து மினுக்கின. ஹாரன் நிற்கவில்லை.

தெரு கூடியது. மாமனார் காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு கடை வாசலில் போய் உட்கார்ந்தார்.

"நிறுத்துய்யா!"

"நிறுத்தத்தான் சார் பாக்கறேன்! எப்படியும் ஆறு மணி ஆகும்!"

கணவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு தங்கையிடம் கத்தினான். "லேட் ஆகும்மா! என்ன பண்றது, ஊரைப் பாக்கணும்னு உங்க அண்ணி அடம் புடிச்சா! வந்த இடத்துல சாவியையும் தொலைச்சா!"

அவளுக்குள் ஏதோ நின்றது. சத்தம்கூடச் சற்றுக் குறைந்தது போலிருந்தது. மகளின் கையைப் பிடித்தாள்.

"எங்க போறே? தேட வேணாமா?" என்றான் அவன்.

"சாவிதானே" என்றாள் அவள். "எங்கே போயிடப் போகுது?"

கடை வாசலைக் கடந்தபோது மாமனாரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி சொல்லவில்லை.

கடல் அங்கேயே இருந்தது. கலங்கலாக, வெதுவெதுப்பாக, யாரையும் கேட்காமல் வந்து காலைச் சுற்றியது. அவள் முழங்கால் வரை இறங்கினாள். ஒரு அலைக்குப் பெரியப்பா வீட்டைத் திட்டினாள். அடுத்த அலைக்கு விடுதி. இல்லாத கடைக்கு மூன்று அலை.

"அம்மா, யாரைத் திட்டறே?"

"எல்லாரையும்."

"தாத்தாவையுமா?"

"அவரைத்தான் நல்லாத் திட்டணும். அரை மணி நேரத்தையும் பாத்ரூம்லயே கரைச்சாரே!"

திட்டினாள். மகளும் தண்ணீரை உதைத்து உதைத்துத் தன் கணக்கு டீச்சரைத் திட்டினாள். திட்டத் திட்ட ஆட்கள் தீர்ந்துபோனார்கள். அதற்குப் பிறகும் இருவரும் வெகுநேரம் சும்மா நின்றார்கள். ஹாரன் தூரத்தில் ஒரு மாடு கத்துவதுபோல் கேட்டது.

வெயில் இறங்கியபின் கரையேறினாள். கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, கணவனுக்குப் போதுமான அளவு. கால் மணலைக் கழுவக் கழிப்பறைக் குழாயைத் திறக்கப் போனாள்.

"இருங்கக்கா" என்றாள் ஸ்டூல் பெண். குனிந்து அவள் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை ஈரம், விரலிடுக்கில் மணல். திருப்தியோடு தலையாட்டிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியைத் தூக்கினாள். அடியில் இருந்த கார் சாவியை எடுத்து நீட்டினாள்.

அவள் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நான் வந்து கேட்டப்ப பாக்கலைன்னீங்களே?"

"பெரியவர் கண்டிப்பா சொல்லிட்டுப் போனாருக்கா. காஞ்ச காலோட வந்து கேட்டா பாக்கலைன்னு சொல்லிடு, ஈரக் காலோட வந்தா மட்டும் குடுன்னு."